யாருக்கும் சொந்தமில்லாத பாவம்

என் வயசுக்காரர்களுக்கு இதைச் சொன்னால் உடனே பிடிபடும். பூசை லத்தீனில் நடக்க, ஒரு வார்த்தையும் புரியாமல் கூடவே முணுமுணுத்து, முழங்கால் தேய்ந்து வளர்ந்தவர்கள் நாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாவசங்கீர்த்தனத்தை, அதாவது தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வாங்குவதை, இரண்டு நிமிஷத்தில் முடித்துக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். நமக்கு அது பெரிய பரீட்சை. என் முதல் பரீட்சையில் நான் அடித்த கூத்தை இத்தனை வருஷம் வெளியே ஒருவரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம். என் வாயைக் கட்டியிருந்த ஒரே மனிதரும் போன மாசியில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வடக்கனந்தலுக்கு மேற்கே, கல்வராயன் மலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும் இடத்தில் எங்கள் தெரு. இருபத்து சொச்சம் வீடுகள், ஓடு போட்ட சின்னக் கோயில், அதற்குள் அந்தோணியார். ஆணும் பெண்ணும் பண்ணைக்காரர் கரும்பில் கூலிக்கு வெட்டினார்கள். மாசி, பங்குனியில் ஆலைக்கொட்டாயில் வெல்லம் காய்ச்சுவார்கள். அந்தப் பாகு வாசனை தெரு முழுக்க நிற்கும். சரியாக அதே மாதங்களில்தான் தவக்காலமும் வந்து தொலைக்கும். நாற்பது நாள் கறி கூடாது, மீன் கூடாது, எங்களுக்கு வெல்லமும் கூடாது என்று அம்மா சேர்த்துக்கொண்டாள். வெல்லத்தைப் பற்றி வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு முதுகில் ஒன்று வைத்தாள்.

அந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. ஈஸ்டர் அன்று புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறேன். அப்பா கள்ளக்குறிச்சிக்கு நடந்தே போய் வெள்ளைத் துணி எடுத்துவந்து, தையல்காரரிடம் கவுன் தைக்கக் கொடுத்தார். கழுத்தில் லேஸ், இடுப்பில் பட்டி, முதுகில் மூன்று பொத்தான். அதுவரை நான் போட்டதெல்லாம் பண்ணை வீட்டுப் பிள்ளைகள் கழித்துப் போட்டது. அந்தக் கவுன் தகரப் பெட்டிக்குள் ரசகற்பூர உருண்டையோடு இருந்தது. ஒரு நாளைக்கு மூன்று தரம் பெட்டியைத் திறந்து முகத்தை உள்ளே விட்டு மோந்து பார்ப்பேன்.

ஆனால் நன்மைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம். உபதேசியார் சாயங்காலந்தோறும் எங்களைக் கோயிலில் உட்காரவைத்துப் பாடம் சொன்னார். அவர் ஒல்லி மனிதர், குரல் மட்டும் பெரியது.

"பத்துக் கட்டளையையும் விரல் விட்டு எண்ணி யோசிக்கணும். பாவமே இல்லன்னு எவனும் வரக் கூடாது. தட்டிக்குப் பின்னால நடக்கிறது ரகசியம். வெளிய போச்சின்னா நன்மை வாங்குற நாக்கு வெந்துடும், தெரிஞ்சிக்கங்க."

ரகசியம் காக்க வேண்டியது சாமியார் என்பதை அவர் விளக்காமல் விட்டாரா, நான்தான் பாகு வாசனையில் கோட்டை விட்டேனா, தெரியாது. சொன்னவர்கள் வாய் திறந்தாலும் நாக்கு வேகும் என்றே நான் நம்பினேன்.

விரல் விட்டு யோசித்தேன். அம்மா சொல் தட்டியது, பூசையில் தூங்கியது, கொட்டாயில் பாகு வழித்து நக்கியது. அவ்வளவுதான் தேறியது. என் அத்தை மகனிடம் காட்டினேன். அவனும் அந்த வருஷம் நன்மை வாங்குகிறவன், என்னைவிட ஒரு வயது பெரியவன், ஏழு பாவம் வைத்திருந்தான். மலைக்காரர் ஒருவரின் தேன் சட்டியை உடைத்தது அதில் முதல். தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான்.

"இதெல்லாம் ஒரு பாவமாடி? சாமியார் தூங்கிடுவாரு."

"வேற இல்லையே, இன்னா பண்றது?"

"பெருசா ஒண்ணாவது வேணும். இல்லாட்டி மறைக்கிறேன்னு நெனச்சிக்குவாரு. நன்மை கெடையாது."

மறைத்தால் நன்மை கிடையாது, நன்மை கிடையாது என்றால் கவுன் கிடையாது. ஒரு பாவத்துக்காக நான் அலைந்த அலைச்சல் இருக்கிறதே, இப்போது நினைத்தால் சிரிப்பு தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பண்ணை வீட்டம்மாவின் கோழி காணாமல் போயிருந்தது. சாம்பல் நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட முட்டைக்கோழி. அந்தம்மா வாய்க்கால் கரையில் எங்கள் தெருவைப் பார்த்து நின்று, மூன்று நாள் மண்ணை வாரித் தூற்றினார். "என் கோழியத் தின்னவன் வயிறு வெந்து போவ" என்று அவர் போட்ட சாபம் கொட்டாய் வரைக்கும் கேட்டது. ஊரில் எல்லோரும் அதையேதான் பேசினார்கள். எடுத்தவன் யாரென்று தெரியவில்லை. ஆக, அவ்வளவு பெரிய பாவம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. நான் எடுத்துக்கொண்டேன்.

அத்தை மகனிடம் மட்டும் சொன்னேன். அவனுக்கு முகம் செத்துப்போயிற்று. தனக்கு முதலில் தோன்றவில்லையே என்ற வயிற்றெரிச்சல்.

குருத்து ஞாயிறன்று சாமியார் சைக்கிளில் வந்தார். பூசை முடிந்ததும் பீடத்துக்குப் பக்கத்தில் மூங்கில் தட்டியை வைத்து அதற்குப் பின்னால் உட்கார்ந்தார். என் முறை வந்தது. சின்னப் பாவங்களை வேகமாக ஒப்பித்துவிட்டு, கடைசியில் நிதானமாக விட்டேன்.

"கோழி ஒண்ணு திருடினேன் சாமி."

தட்டிக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம்.

"கோழியா? தின்னுட்டியா?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. தவக்காலத்தில் கறி தின்றேன் என்றால் இன்னொரு பாவம் ஏறிவிடும், அவ்வளவு வேண்டாம் என்று பட்டது.

"இல்ல சாமி. உயிரோட கீது."

"அப்படியா. அப்ப சுலபம். ஈஸ்டருக்குள்ள அதை உடையவங்ககிட்டக் கொண்டுபோய்க் கொடுத்துடு. கொடுத்தப்புறம்தான் நன்மை. சரியா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அது இதுதான். இல்லாத கோழியை எங்கே போய்த் திருப்பிக் கொடுப்பேன்? தின்றுவிட்டேன் என்று சொல்லியிருந்தால் நாலு மந்திரம் சொல்லச் சொல்வதோடு போயிருக்கும்.

எங்கள் வீட்டில் ஒரு கோழி இருந்தது. ஆனால் அது எங்களுடையது அல்ல. முந்தின வருஷம் எனக்கு விஷக் காய்ச்சல் வந்து பிழைக்கமாட்டேன் என்று கைவிட்டபோது, பிழைத்தால் கோழி தருகிறேன் என்று அம்மா அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டாள். குஞ்சிலிருந்து வளர்த்த சிவப்புப் பெட்டை. நேர்ச்சைக் கோழி என்று தெரிய காலில் சிவப்பு நாடா கட்டியிருந்தாள். அது வீட்டுக்குள் வந்து அரிசியைக் கொத்தினாலும் அடிக்கமாட்டாள், "சாமி கோழி, போவட்டும்" என்பாள். ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை கோயிலில் விடவேண்டியது.

இரண்டு நாள் யோசித்தேன். சாமியார் பெரியவரா, அந்தோணியார் பெரியவரா? அந்தோணியார் பொறுத்துக்கொள்வார், சாமியார் நன்மை தரமாட்டார் என்று முடிவுக்கு வந்தேன். அந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. கோழியைப் பிடிக்கத் தெருவை மூன்று சுற்றுச் சுற்றி, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு, ஒரு வழியாகக் கூடையில் கவிழ்த்தேன். நாடாவை அவிழ்த்துப் பாவாடையில் முடிந்துகொண்டேன். வரப்பில் உதிர்ந்து கிடந்த இலுப்பைப் பூ காலில் ஒட்ட ஒட்ட, ஒரே ஓட்டம். உள்ளுக்குள் ஒரு குஷி. நான் என்னவோ பெரிய காரியம் செய்கிறேன் என்று இருந்தது.

பண்ணை வீட்டம்மா மாட்டுக்கொட்டகைப் பக்கம் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க கோழிங்கம்மா. நான்தான் எடுத்துகினு போயிட்டேன்."

அவர் கூடையைத் தூக்கிப் பார்த்தார். "ஏ பொண்ணு, என் கோழி சாம்பல் புள்ளிடி. இது செவப்பா கீது."

"வெயில்ல நிறம் மாறிப்போச்சிங்க."

அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க வூட்டுல என்னுத தின்னுட்டு, பயந்துகினு பதிலுக்கு இத அனுப்புனாங்களா?"

இல்லை என்றால் எல்லாவற்றையும் சொல்லவேண்டி வரும், நாக்கு வெந்துவிடும். நான் வாய் திறக்கவில்லை. அவர் கோழியை வாங்கிக்கொண்டார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்காவது தாங்கும். என்னுடையது ஒரு ராத்திரி தாங்கவில்லை. புதன்கிழமை காலையில் வெட்டுக்குப் போன அப்பா, வெட்டுக்கத்தியைத் தோளில் போட்டபடி உடனே திரும்பி வந்தார். இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம், கோழித் திருடன் பண்ணைக்கு ஆகாது என்று. அம்மா அதற்குள் கோழியைத் தேடி அழுதுகொண்டிருந்தாள். என் பாவாடை முடிச்சில் நாடாவைக் கண்டுபிடித்தாள்.

"இன்னாடி இது? சாமி கோழிய ஏன் தூக்கிகினு போய்க் குடுத்த?"

நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"அவங்க கோழிய நீதான் எடுத்தியா?" என்றார் அப்பா.

அப்பா என் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அது ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம். சுரூபங்களுக்கெல்லாம் ஊதாத் துணி போட்டு மூடியிருந்தது, அந்தோணியாருக்கும் முகம் இல்லை. "இங்க சொல்லு. அடிக்க மாட்டேன். எடுத்தேன், எடுக்கல. ஒரு வார்த்த." நான் நாக்கைப் பல்லுக்குள் வைத்து இறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் அடித்திருந்தால் தேவலாம். அப்படியே மண்டியிட்டு அழுதார். அதற்கு முன்னால் அவர் அழுது நான் பார்த்ததில்லை. எழுந்து, "திருட்ட மறைக்கிற புள்ளைக்கு நன்மை கெடையாது. உபதேசியாருகிட்ட நானே சொல்லிடறேன்" என்றார்.

அப்பாவுக்குக் கெட்டவார்த்தை வராது. பசித்தாலும் பண்ணையில் ஒரு கரும்புத் துண்டு கேட்காமல் கடிக்கமாட்டார். வேதக்காரன் என்றால் நாலு பேர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள் என்பது அவர் எண்ணம். அப்படிப்பட்டவர் வியாழக்கிழமை பண்ணை வீட்டு வாசலில் போய், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "என் வூட்டுத் தப்புங்க" என்று மன்னிப்புக் கேட்டார். செய்யாத தப்புக்கு. நான் எதை மறைக்கிறேன் என்று எவ்வளவோ யோசித்திருப்பார் பாவம், என்னிடம் மறைக்க ஒன்றுமே இல்லை என்பது அவருக்கு எப்படித் தோன்றும்? கவுன் இருந்த தகரப் பெட்டியை அம்மா எனக்கு எட்டாமல் பரண்மேல் தூக்கி வைத்தாள். அன்றைக்கு நான் அழுத அழுகையில் அந்த வாசனை கூட மறந்துபோயிற்று.

இனி சித்தப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பாவின் தம்பி, எங்களோடுதான் சாப்பாடு, கல்யாணம் ஆகாதவர். புளி ஏற்றிவர மலைக்குப் போவார், சில நாள் அங்கே இறங்கும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு வருவார், வயிற்றுக்குள். தெருவில் அவருக்கு மரியாதை கம்மி. ஒரு நாள் மட்டும் ஜாஸ்தி. பெரிய வெள்ளியன்று பாறைக் கரட்டின்மேல் நடக்கும் சிலுவைப்பாதையில் சிலுவை சுமப்பவர் அவர்தான். வாகை மரத்தில் செய்தது, இரண்டு ஆள் கனம். அதைத் தனியாகத் தூக்க அவர் தோளால்தான் முடியும். ஆனால் சுமக்கிறவன் நாற்பது நாளும் குடி, கறி இரண்டையும் தொடக்கூடாது என்பது எங்கள் தெருக் கட்டுப்பாடு. வருஷத்தில் அந்த நாற்பது நாள்தான் சித்தப்பா நிமிர்ந்து நடப்பார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. கோயில் மணி அடிக்காத நாள், மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு உபதேசியார் முன்னால் போக, கரடு கொதித்தது. பாறையில் வெறுங்காலை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஊர்த்தெருவிலிருந்தும் வேடிக்கை பார்க்கப் பெண்கள் வந்து புளியமரத்து நிழலில் நிற்பார்கள். அன்று பண்ணை வீட்டம்மாவும் நின்றார். அப்பா தலை குனிந்து எல்லோருக்கும் கடைசியில் வந்தார். நான் அத்தை மகன் பக்கத்தில்.

பதினாலு ஸ்தலத்தில் ஆண்டவர் விழுகிற ஸ்தலம் வரும்போதெல்லாம் சிலுவைக்காரர் மண்டியிட்டு எழவேண்டும். மூன்றாம் ஸ்தலத்தில் சித்தப்பா விழுந்து எழுந்தார். ஏழாவதில் விழுந்து கொஞ்சம் தடுமாறி எழுந்தார். ஒன்பதாவதில் விழுந்தவர் எழவில்லை. உபதேசியார் கட்டையைத் தட்டினார். மறுபடி தட்டினார். வெயிலில் மயக்கமோ என்று ரெண்டு பேர் ஓடினார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, சிலுவையை இறக்கிப் பாறைமேல் சாய்த்தார். தோளில் தோல் உரிந்து ரத்தம் தெரிந்தது.

"இதத் தூக்க எனக்கு யோக்கியதை இல்ல. அந்தக் கோழிய நான்தான் தின்னேன்."

உபதேசியார் கையிலிருந்த கட்டையை இறக்கினார்.

"மூணாம் வாரத்துல, மலையடிவாரத்துல. குடிச்சிட்டுத் தின்னேன். எங்க அண்ணன் குடும்பத்துல ஒருத்தரும் தொடல." அவர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். "அந்தப் புள்ள என்னப் பாத்துடுச்சி. பாத்துட்டும் காட்டிக் குடுக்கல. தன் தலைமேல போட்டுகிச்சி. ஒம்போது வயசுப் புள்ள. நான் சிலுவையத் தூக்கிகினு வேஷம் போட்டுகினு கீறேன்."

மொத்தக் கூட்டமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் எங்கே பார்த்தேன்? ஒன்றையும் பார்க்கவில்லை. பக்கத்தில் அத்தை மகன் வாயைத் திறந்தான், அவன் காலை ஓங்கி மிதித்தேன். அதற்குள் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து என்னைத் தூக்கிக்கொண்டார். ஒன்பது வயசுப் பெண்ணை, எல்லோர் முன்னாலும், இடுப்பில். பிறகு என்னை இறக்கிவிட்டு, போய்த் தம்பியின் பக்கத்தில் நின்று சிலுவையின் ஒரு முனையைத் தூக்கினார். "எழுந்திருடா. மிச்சம் அஞ்சு ஸ்தலம் கீது." அண்ணனும் தம்பியும் சேர்ந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு நாங்கள் பாடிய பாட்டு மலைவரைக்கும் கேட்டிருக்கும்.

கரட்டிலிருந்து இறங்கும்போது அம்மா பண்ணை வீட்டம்மாவிடம் மெதுவாக, "அந்தச் செவப்புக் கோழி அந்தோணியாருக்கு நேர்ந்ததுங்க" என்றாள். அந்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அடிப்பாவி, சாமி கோழியா? மொதல்லயே சொல்லறதில்ல?" எந்தச் சாமியானால் என்ன, சாமி சாமிதானே. பொழுது சாய்வதற்குள் கோழி வீட்டுக்கு வந்தது, கூடவே குற்றம் தீர ஒரு சேவலும். அப்பாவை வெட்டுக்கு வரச் சொல்லியும் ஆள் வந்தது.

எல்லாம் சரியாயிற்று, என்னைத் தவிர. பரண்மேல் இருந்த பெட்டி கீழே இறங்கியது, தெருப் பெண்கள் வந்து என் தலையைத் தடவினார்கள், ஒரு கிழவி என் காலைத் தொட்டுக் கும்பிட வந்துவிட்டாள். சனிக்கிழமை மத்தியானம் சாமியார் வந்ததும் முதல் ஆளாகத் தட்டிக்கு முன்னால் மண்டியிட்டேன்.

"சாமி, போன வாரம் நான் சொன்னது பொய். கோழிய நான் எடுக்கல. எனக்குப் பாவம் கம்மியா இருந்திச்சி."

தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கொட்டினேன். தட்டிக்குப் பின்னால் இருமல். இருமலா சிரிப்பா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

"அடுத்தவங்க கோழியைத் தொடக்கூடாதுன்னு தெரியுதில்ல? அடுத்தவங்க பாவத்தையும் தொடாத."

"சித்தப்பாகிட்ட சொல்லிடட்டுமா சாமி?"

"அவர் கேட்டா உண்மையைச் சொல்லு. கேக்காத வரைக்கும் சும்மா இரு."

மறுநாள் விடியற்காலை வெள்ளைக் கவுனில் போய் நாக்கை நீட்டினேன். வேகவில்லை. அந்தச் சந்தோஷத்தை எழுத எனக்கு இப்போதும் வார்த்தை போதாது.

சித்தப்பா அதற்குப் பிறகு குடிக்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, ஐம்பது வருஷத்துக்குமேல். கல்யாணம் செய்துகொண்டார், பிள்ளைகளை வளர்த்தார், ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தார், அப்போதுகூடத் தொடவில்லை. ஒவ்வொரு பெரிய வெள்ளியும் சிலுவை தூக்கினார். "எங்க அண்ணன் பொண்ணு என்னக் காப்பாத்திச்சி" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். நான் பக்கத்திலேயே நிற்பேன். அவர் ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை.

போன தை மாதம் அவரைப் பார்க்கப் போனேன். எண்பத்தைந்து வயது, கண் மங்கிவிட்டது. வாசல் வெயிலில் சாக்கைப் போட்டு விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து உரித்தேன். இதற்குமேல் தாங்காது என்று தோன்றிவிட்டது.

"சித்தப்பா, அன்னிக்கி நான் உங்களப் பாக்கல. ஒண்ணுமே பாக்கல. சும்மா ஒரு பாவம் வேணும்னு சொன்னது அது."

அவர் கை நிற்கவில்லை. "தெரியும். ஈஸ்டருக்கு மறுநாளே உன் அத்த மவன் வந்து சொல்லிட்டான். கால மிதிச்சியாமே."

"தெரிஞ்சிகினேவா இத்தினி வருஷம் நான் காப்பாத்துனேன்னு சொல்லிகினு இருந்தீங்க? அப்பவே மறுபடி குடிச்சிருக்கலாமே."

"தோணிச்சி. அந்தப் புள்ள பாக்கவே இல்ல, நீதான் ஏமாந்த, வா வான்னு மலை கூப்பிட்ச்சி. எத்தினியோ தடவ கூப்பிட்ச்சி." உரித்த கடலையை என் மடியில் போட்டார். "நீ பாக்கல, சரி. அதுக்காவ யாரும் பாக்கலன்னு ஆயிடுமா பாப்பா?"

பிறகு, நான் அழுவது காதில் விழுந்ததோ என்னவோ, சாக்கைத் தடவிப் பார்த்து, "உன் பக்கம் நெறைய கீது, உரி" என்றார்.